ஒளித்தாரையும் கருந்துளையின் சுழற்சியும்

இருள் சூழ்ந்த இரவிலே, நெடுஞ்சாலையில், வெகு தொலைவில் ஒரு துவிச்சக்கர வண்டி வருகின்றது. வண்டியும் தெரியவில்லை, அதனைச் செலுத்துபவரும் தெரியவில்லை. முன்விளக்கு மட்டுமே தெரிகின்றது. அவ்விளக்கு, சில்லோடு உராய்ந்து சுழலும் டைனமோவினால் எரிவது. சில்லு விரைந்து சுழன்றால் விளக்குப் பிரகாசிக்கும். மெல்லச் சுழன்றால் மங்கும். அப்படியாயின், விளக்கின் ஒளியைக் கொண்டே சில்லின் வேகத்தைச் சொல்லிவிடலாமா? சொல்லலாம். ஆனால் அதற்கு முன், டைனமோவினுள்ளே இருக்கும் காந்தம் எவ்வளவு வலியது என்பதும் நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

நேயர்களே, வானியலறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினாவும் இத்தகையதே. அவர்கள் காணும் விளக்கு, அண்டங்களின் நடுவிலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டு தூரத்துக்குப் பீறிட்டுப் பாயும் ஒளித்தாரை. அவர்கள் காணாத சில்லு, அத்தாரையின் அடியில் மறைந்து சுழலும் பெருங்கருந்துளை. கண்ணுக்குப் புலப்படாத அச்சில்லின் வேகத்தைத் தாரையிலிருந்து கணித்தறிய முற்பட்ட வரலாற்றை இன்று எடுத்துரைப்போம்.

பெருந்திணிவு மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கியமையால் ஒளியும் தப்பிச் செல்ல முடியாதவாறு ஈர்ப்பு மிகுந்த இடத்தையே கருந்துளை என்கிறோம். நமது பால்வழி அண்டத்தின் நடுவில் ஏறக்குறைய 40 இலட்சம் சூரியன்களின் திணிவுள்ள கருந்துளை ஒன்று உண்டு. வேறு அண்டங்களில் இதனினும் ஆயிரம் மடங்கு பெரியனவும் உள்ளன. கருந்துளையினுள் வீழ்ந்தது விண்மீனாயினும் வாயுவாயினும் அதன் அடையாளங்கள் யாவும் அழிந்துபோகும். எஞ்சி நிற்பவை இரண்டே: ஒன்று திணிவு, மற்றது சுழற்சி. சுழற்சியை 0 முதல் 1 வரையான எண்ணால் குறிப்பது வழக்கம். 0 என்றால் சுழற்சி இல்லை. 1 என்றால் இயற்கை இடங்கொடுக்கும் உச்சம்.

இந்த எண்ணை அறிவதால் வரும் பயன் யாது என்று நேயர்கள் வினவலாம். கருந்துளை எவ்வளவு உண்டு வளர்ந்தது என்பதைத் திணிவு கூறும். எவ்வாறு உண்டு வளர்ந்தது என்பதைச் சுழற்சி கூறும். வாயு ஒரே திசையில் இடைவிடாது சுழன்று வந்து வீழ்ந்திருப்பின் கருந்துளையின் சுழற்சி உச்சத்தை நெருங்கியிருக்கும். சிறு சிறு திரளாகப் பல திசைகளிலிருந்தும் வந்து வீழ்ந்திருப்பின் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழற்சி குன்றியிருக்கும். பல நூறு கோடி ஆண்டுகளின் வரலாறு வேறெங்கும் எழுதப்படாமல் அந்த ஓர் எண்ணிலேயே பதிந்திருக்கிறது. ஆகவே அவ்வெண்ணைப் பிழையின்றி வாசித்தல் வேண்டும்.

வரலாற்றின் தொடக்கத்துக்குச் செல்வோம். 1781ஆம் ஆண்டிலே, பிரான்சு நாட்டு வானியலறிஞர் சார்ள்ஸ் மெசியர், வால்வெள்ளி என்று தவறாகக் கொள்ளத்தக்க மங்கலான வான்பொருள்களைப் பட்டியலிட்டு வந்தார். கன்னி இராசியில் அவர் கண்ட ஒன்று 87ஆம் இலக்கத்தைப் பெற்றது. நம்மிடமிருந்து ஏறக்குறைய 5½ கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பேரண்டம் அது என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். 1918ஆம் ஆண்டிலே, கலிபோர்ணியாவில் ஹமில்ட்டன் மலையுச்சியிலுள்ள லிக் வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹீபர் கேட்டிஸ் என்பார், அங்கு எடுக்கப்பட்ட ஒளிப்படங்களை ஆராய்ந்து நூற்றுக்கணக்கான நெபுலாக்களின் விவரங்களை வெளியிட்டார். மெசியர் 87இன் விவரத்தில், அதன் மையத்தோடு மெல்லிய இழையொன்றினால் இணைந்தது போன்ற விந்தையான நேர்கதிர் ஒன்று காணப்படுவதாகக் குறித்தார். விளக்கம் எதுவும் அவர் கூறவில்லை. கூறுதற்கு அக்காலத்தில் எந்தக் கொள்கையும் இருக்கவில்லை. அண்டங்களின் தாரையொன்றைப் பற்றி உலகம் பெற்ற முதற்குறிப்பு அதுவே.

அதே 1918ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வேறொரு செயல் நிகழ்ந்தது. ஐன்ஸ்டைன் 1915இல் வெளியிட்ட பொதுச் சார்புக் கொள்கையின் சமன்பாடுகளை வைத்து, வியன்னாவில் ஜோசெப் லென்சே, ஹான்ஸ் தீரிங் என்னும் இருவர் ஒரு கணிப்பைச் செய்தனர். சுழலும் பெரும்பொருள் தன்னைச் சூழ்ந்துள்ள வெளியையும் தன்னோடு சிறிது இழுத்துச் சுழற்றும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. பாகுப் பாத்திரத்தில் அகப்பையைச் சுழற்றினால் அருகிலுள்ள பாகும் உடன் சுழல்வதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். அவ்வாண்டில் அமெரிக்காவும் ஆஸ்திரியாவும் போரில் எதிர்த்தரப்பில் நின்றன. கலிபோர்ணியாவில் கண்ட கதிருக்கும் வியன்னாவில் செய்த கணக்குக்கும் தொடர்பு உண்டு என்று கருத எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் வானியலுக்குப் புதியதோர் செவி கிடைத்தது. வான்பொருள்கள் வானொலி அலைகளையும் வெளிவிடுகின்றன என்பது முன்னரே தெரிந்திருந்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், கடலை நோக்கிய டோவர் ஹைட்ஸ் என்னும் செங்குத்துப் பாறையின் மீது ஜோன் போல்ட்டன், கோர்டன் ஸ்ரான்லி, புரூஸ் சிலீ ஆகியோர் வானொலி வாங்கி ஒன்றை அமைத்தனர். வானிலிருந்து நேரே வரும் அலையும் கடல்நீரில் தெறித்து வரும் அலையும் ஒன்றோடொன்று கலக்கும் முறையை ஆராய்ந்து, அலைகள் புறப்படும் இடத்தை அவர்கள் நுட்பமாகக் கணித்தனர். கன்னி இராசியிலிருந்து வரும் வலிய வானொலி அலைகளின் பிறப்பிடம் மெசியர் 87 என்று 1949ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு பட்டியலின் குறிப்பாகக் கிடந்த கதிர் இவ்வாறு மீண்டும் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

1956ஆம் ஆண்டிலே, பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைகாட்டியினால் வால்ட்டர் பாடே அக்கதிரை ஆராய்ந்தார். அதன் ஒளியலைகள் எல்லாத் திசைகளிலும் ஒருபடித்தாக அதிராமல் குறிப்பிட்ட திசையில் ஒழுங்குபட்டு அதிர்வதைக் கண்டார். சோவியத் அறிஞர் ஷ்க்லோவ்ஸ்கி எதிர்பார்த்ததும் அதுவே. வெப்பத்தினால் ஒளிரும் பொருளிடம் இத்தகைய ஒழுங்கு காணப்படாது. ஒளியின் வேகத்தை அண்மித்த இலத்திரன்கள் காந்தப்புலத்தில் வளைந்து செல்லும்போதே அத்தகைய ஒளி பிறக்கும். அவ்வாண்டிலேயே ஜெஃப்ரி பேர்பிட்ஜ், இவ்வொளியை உண்டாக்குவதற்குத் தாரையில் எவ்வளவு சக்தி அடங்கியிருத்தல் வேண்டும் என்று கணக்கிட்டார். கணக்கின் விடை அறிஞர்களைத் திகைக்க வைத்தது. விண்மீன்கள் தம் எரிபொருளாகிய ஐதரசனைக் கொண்டு சக்தி பிறப்பிக்கும்போது திணிவில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் சக்தியாக மாறுவதில்லை. அத்தகைய சிக்கனமற்ற அடுப்பினால் இவ்வளவு பெரிய விளக்கை எரிக்க இயலாது. அப்படியாயின் அடுப்பு எது?

அதற்கான விடை கணிதத்தின் வழியே வந்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் வெளியான சில மாதங்களுக்குள், 1916இல், போர்முனையில் இருந்த ஜேர்மானிய அறிஞர் கார்ள் சுவார்ஷில்ட், சுழலாத கோளப்பொருளுக்குரிய தீர்வை வெளியிட்டார். ஆனால் வானிலுள்ள பொருள்கள் யாவும் சுழல்கின்றன. சுழலும் பொருளுக்குரிய தீர்வைக் காண்பதற்கு மேலும் 47 ஆண்டுகள் சென்றன. 1963ஆம் ஆண்டில் நியூசீலாந்தைச் சேர்ந்த றோய் கெர், அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அதனைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் டலஸ் நகரில் கூடிய மாநாட்டில் அவருக்குப் பத்து நிமிடங்கள் ஒதுக்கப்பட்டன. தொலைவிலுள்ள வானொலிப் பொருள்களுக்கு இத்துணைச் சக்தி எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராயவே அம்மாநாடு கூட்டப்பட்டது. எனினும் கூடியிருந்த வானியலறிஞர்களுட் பலர் கெரின் உரைக்குச் செவிசாய்க்கவில்லை என்பர். அவர்கள் தேடிவந்த விடைக்குத் திறவுகோல் அந்தப் பத்து நிமிட உரையில் இருந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர், கெரின் தீர்வை மிகவும் போற்றினார். பிரபஞ்சத்திலுள்ள எண்ணிறந்த கருந்துளைகளின் இயல்பை இவ்வோர் எளிய தீர்வு முற்றச் சரியாகக் காட்டுகின்றது என்ற உணர்வு தம் அறிவியல் வாழ்வில் தம்மை மிகவும் உலுக்கியது என்று அவர் குறிப்பிட்டுள்ளார். அவர் 1983இல் வெளியிட்ட கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய பெருநூலில் கெரின் தீர்வு முதன்மையான இடத்தைப் பெற்றது.

1969ஆம் ஆண்டு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. அண்டங்களின் நடுவிலே பெருங்கருந்துளைகள் இருத்தல் வேண்டும் என்றும், அவற்றைச் சுற்றித் தட்டுப்போற் சுழலும் வாயுவே அவற்றின் உணவு என்றும் டொனல்ட் லிண்டன்-பெல் எழுதினார். சுழலும் கருந்துளையிலிருந்து சக்தியைப் பெற முடியும் என்று றொஜர் பென்றோஸ் காட்டினார். கருந்துளையின் எல்லைக்குள் புகுந்த பொருள் மீளாது. ஆயினும் அதன் சுழற்சிச் சக்தி எல்லைக்கு வெளியேயுள்ள வெளியிலும் பரந்திருத்தலால் அதனைக் கறந்தெடுக்கலாம். உச்ச வேகத்திற் சுழலும் கருந்துளையின் திணிவில் நூற்றுக்கு 29 பங்கு வரை இவ்வாறு பெறத்தக்கது. விண்மீன்களின் அடுப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய களஞ்சியம் என்பது விளங்கும்.

களஞ்சியத்தைத் திறக்கும் வழியை 1977ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஜர் பிளாண்ட்ஃபோர்ட், றோமன் ஸ்நாஜெக் ஆகிய இருவர் எடுத்துக்காட்டினர். உள்நோக்கிச் சுழன்று வரும் வாயு தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்து வருகின்றது. காந்தவிசைக் கோடுகள் கருந்துளையை ஊடுருவி நிற்கின்றன. கருந்துளை சுழல, அதனைச் சூழ்ந்த வெளியும் சுழல, அக்கோடுகள் தும்புக்கயிறு திரிவது போல் முறுக்குண்டு, இரு துருவங்களின் வழியாகவும் சக்தியை வெளியே செலுத்துகின்றன. அவ்வாறு செலுத்தப்படும் சக்தி தாரையாகின்றது. கருந்துளையின் சுழற்சி சிறிது சிறிதாகக் குறைகின்றது. டைனமோவைப் பூட்டி விளக்கை எரிக்கும்போது மிதிப்பது கடினமாகின்றதன்றோ? சுழற்சியிலிருந்து ஒளிக்குச் செல்லும் சக்தியின் விலையே அக்கடினம். கருந்துளையிலும் அவ்விலை கொடுக்கப்படுகின்றது.

இக்கொள்கை ஒரு விதியைத் தருகின்றது. தாரையின் வலு, ஏறக்குறைய, சுழற்சியின் இருமடியையும், காந்தப்புலத்தின் இருமடியையும், திணிவின் இருமடியையும் பொறுத்தது. சுழற்சி இரட்டித்தால் வலு நான்கு மடங்காகும். காந்தப்புலம் இரட்டித்தாலும் வலு நான்கு மடங்காகும். இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. வலிய காந்தத்தோடு மெல்லச் சுழலும் கருந்துளையும், மெலிந்த காந்தத்தோடு விரைந்து சுழலும் கருந்துளையும் ஒரே வலுவுள்ள தாரையை வீசக்கூடும். விளக்கை மட்டும் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது. மேலும், 1982இல் பிளாண்ட்ஃபோர்ட், டேவிட் பெயின் என்பாரோடு சேர்ந்து, வாயுத்தட்டின் சுழற்சியே தாரையைப் பிறப்பிக்கலாம் என்னும் வேறொரு வழியையும் வகுத்தார். அவ்வழியிற் பிறந்த தாரையாயின் கருந்துளையின் சுழற்சி பற்றி அது ஒன்றும் கூறாது.

ஆகவே, சுழற்சியை அறிய விரும்புவோர் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். தாரையின் வலுவை அளத்தல் வேண்டும். கருந்துளையின் திணிவை அளத்தல் வேண்டும். காந்தப்புலத்தின் வலிமையை அளத்தல் வேண்டும். அடுத்த நாற்பது ஆண்டுகளின் வரலாறு இம்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பெற்ற வரலாறாகும்.

தாரையின் வலுவை அளப்பதற்கு அதன் ஒளி போதாது. சக்தியின் பெரும்பகுதி ஒளியாக மாறாமலே செல்கின்றது. ஆயினும் தாரை, அண்டத்தைச் சூழ்ந்துள்ள வெப்பவாயுவை விலக்கிப் பெருங்குமிழிகளை உண்டாக்குகின்றது. குமிழியின் கொள்ளளவையும் அதனை அழுத்தும் வாயுவின் அமுக்கத்தையும் அறிந்தால், அதனை ஊதுவதற்குச் செலவான சக்தி தெரிந்துவிடும். குமிழி எழுவதற்கு எடுத்த காலத்தால் வகுத்தால் வலு கிடைக்கும். சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999இல் விண்ணிற் செலுத்தப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி இக்குமிழிகளைத் தெளிவாகக் காட்டியது. 260 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் அண்டக் கூட்டத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 இலட்சம் ஒளியாண்டு அகலமுள்ள இரு குமிழிகளை 2005இல் பிரையன் மக்னமாராவும் அவரோடு சேர்ந்தவர்களும் கண்டனர். அவற்றை ஊதுவதற்கு 10 கோடி ஆண்டுகள் சென்றிருந்தன. 2009இல் அவர்கள் கூறிய முடிவு கவனிக்கத்தக்கது: ஒன்றில் அக்கருந்துளை மிக விரைந்து சுழலவேண்டும், அன்றேல் அதன் திணிவு மிகப் பெரிதாக இருத்தல் வேண்டும். வலு தெரிந்தும், திணிவு திட்டமாகத் தெரியாமையால் சுழற்சியைப் பற்றி இரு விடைகள் எஞ்சின.

மெசியர் 87இன் திணிவு அவ்வாறன்றிப் பலமுறை அளக்கப்பட்டது. 1978இல் பீற்றர் யங், வாலஸ் சார்ஜென்ட் முதலியோர் மையத்தருகே விண்மீன்கள் இயங்கும் வேகத்தைக் கொண்டு, 500 கோடி சூரியன்களின் திணிவு அங்கு ஒடுங்கியிருக்கலாம் என்றனர். 1994இல் ஹபிள் தொலைகாட்டியின் உதவியோடு ஹொலண்ட் ஃபோர்ட், றிச்சர்ட் ஹாம்ஸ் ஆகியோர் மையத்தைச் சுற்றிச் சுழலும் வாயுத்தட்டைக் கண்டு, பல நூறு கோடிச் சூரியன்களின் திணிவு உண்டென்பதை உறுதிசெய்தனர். எனினும் விண்மீன்களைக் கொண்டு அளந்தோர் ஏறக்குறைய 600 கோடிக்கு மேல் என்றனர். வாயுவைக் கொண்டு அளந்தோர் 350 கோடி என்றனர்.

இதற்கிடையில், சக்தி வாயுத்தட்டிலிருந்து வருகின்றதா, கருந்துளையின் சுழற்சியிலிருந்து வருகின்றதா என்னும் வினாவுக்குக் கணனிகள் ஒளி பாய்ச்சின. 2011இல் அலெக்சாந்தர் செக்கோவ்ஸ்கோய், ரமேஷ் நாராயண், ஜொனதன் மக்கின்னி ஆகிய மூவர், காந்தப்புலம் நெருங்கிச் செறிந்து வாயுவின் வரவையே தடுக்கும் நிலையைக் கணனியில் அமைத்துப் பார்த்தனர். 0.99 அளவிற் சுழலும் கருந்துளையில், உள்ளே வீழும் பொருளின் திணிவுக்குரிய சக்தி 100 பங்கு எனின், வெளியே வந்த சக்தி ஏறக்குறைய 140 பங்காக இருந்தது. வரவினும் செலவு மிகுந்ததாயின், முன்னரே சேமித்து வைத்த முதலிலிருந்தே அது வருதல் வேண்டும். சேமித்த முதல் கருந்துளையின் சுழற்சியே. 2014இல் வலிய தாரைகளையுடைய 76 அண்டக் கருக்களை ஆராய்ந்த வேறொரு குழுவினர், அவற்றின் காந்தப்புலங்கள் இத்தகைய செறிந்த நிலைக்கு ஒத்தவையாக இருப்பதைக் கண்டனர்.

தாரைகளைக் கொண்டு பல கருந்துளைகளின் சுழற்சியையும் ஒருங்கே கணிக்கும் முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூத் டேலி. 2011இல் 55 கருந்துளைகளுக்குச் சுழற்சி அளவுகளை அவர் வெளியிட்டார். தாரையின் வலுவையும் தட்டின் ஒளியையும் திணிவையும் ஒருங்கு வைத்து நோக்கும் முறையை வகுத்து, 2019இல் 750க்கு மேற்பட்ட அண்டக் கருக்களின் சுழற்சியையும் காந்தப்புல வலிமையையும் கணித்தார். நமது பால்வழி அண்டத்தின் கருந்துளைக்கு, 0.06 அளவான கூடுதல் குறைவோடு 0.90 என்னும் சுழற்சியை அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2023இல் இம்முறையால் அறிவித்தனர். இவ்வெண்கள் யாவும் தாரையின் விதி எல்லாக் கருந்துளைகளுக்கும் ஒரேவாறு பொருந்தும் என்னும் எடுகோளின் மீது எழுந்தவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அத்தகைய எடுகோளைச் சோதிப்பதற்குத் தாரையின் அடியை நேரே பார்ப்பதைவிடச் சிறந்த வழியில்லை. 2012இல் ஹவாய், அரிசோனா, கலிபோர்ணியா ஆகிய இடங்களிலுள்ள வானொலித் தொலைகாட்டிகளை இணைத்து ஷெப்பர்ட் டோல்மனும் அவர் குழுவினரும் மெசியர் 87இன் தாரையடியின் அகலத்தை அளந்தனர். அது கருந்துளையின் ஆரையைப் போல் ஐந்தரை மடங்காக இருந்தது. சுழலாத கருந்துளையைச் சுற்றி வாயு நிலையாகச் சுற்றக்கூடிய மிகக் குறுகிய பாதை நமக்கு அதனிலும் அகலமாகத் தோன்றும். சுழலும் கருந்துளையில் மட்டுமே வாயு இவ்வளவு அருகிற் செல்லலாம். ஆகவே கருந்துளை சுழல்கின்றது என்றும், தட்டும் அதே திசையிற் சுழல்கின்றது என்றும் அவர்கள் முடிவு செய்தனர். ஆயினும் திணிவு பற்றிய ஐயம் தீராமையால் அம்முடிவும் முற்றாக உறுதிப்படவில்லை.

2017 ஏப்ரலில் எட்டுத் தொலைகாட்டிகள் இணைந்து பூமியளவான ஒரே தொலைகாட்டியைப் போல் இயங்கின. 2019 ஏப்ரல் 10ஆம் நாள் மெசியர் 87இன் கருந்துளையைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் படம் உலகுக்கு வெளியிடப்பட்டது. சந்திரனில் வைத்த ஒரு தோடம்பழம் நமக்கு எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, அவ்வளவே அவ்வளையத்தின் தோற்றம். திணிவு 650 கோடிச் சூரியன்கள் என்று தெளிந்தது. திணிவைப் பற்றிய வழக்கு இவ்வாறு முடிந்தது. வளையத்தின் ஒரு பக்கம் கூடுதலாக ஒளிர்ந்தமையால், நாம் பார்க்கும் திசையிலிருந்து கருந்துளை வலஞ்சுழியாகச் சுழல்வதும் தெரிந்தது.

ஆனால் எவ்வளவு விரைவாக? உலகம் வியந்த அப்படம் இதற்கு விடை கூறவில்லை. வளையத்தின் அளவு பெரிதும் திணிவைப் பொறுத்தது. சுழற்சியினால் அது மிகச் சிறிதே மாறும். ஆராய்ச்சியாளர் கணனியில் 0, 0.5, 0.94 எனப் பல சுழற்சிகளுக்கும், எதிர்த்திசைச் சுழற்சிகளுக்கும் படங்களை ஆக்கி ஒப்பிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை மெய்ப்படத்தோடு பொருந்தின. சுழற்சி 0 உடையனவும் பொருந்தின. அந்நிலையில் அவர்கள் பழைய சாட்சியை அழைத்தனர். மெசியர் 87இன் தாரை, மிகக் குறைத்து மதித்தாலும், 25 கோடிச் சூரியன்களின் வலுவுடையது. சுழலாத கருந்துளை அத்துணை வலுவுள்ள தாரையை எவ்வகையிலும் பிறப்பிக்கவில்லை. ஆகவே சுழற்சி 0 என்னும் மாதிரிகள் யாவும் தள்ளப்பட்டன. படத்தினால் இயலாத தீர்ப்பைத் தாரையே வழங்கியது.

எஞ்சியிருந்தது காந்தம். 2021 மார்ச்சில் அதே வளையத்தின் ஒளி எத்திசையில் அதிர்கின்றது என்பதைக் காட்டும் படம் வெளியாயிற்று. 1956இல் பாடே தாரையிற் கண்ட அதே ஒழுங்கு, இப்பொழுது கருந்துளையின் வாயிலிலேயே காணப்பட்டது. அங்குள்ள காந்தப்புலம் 1 முதல் 30 கௌஸ் வரை என்று கணிக்கப்பட்டது. நமது பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய அரைக் கௌஸ். எண்ணளவிற் சிறிதாயினும், அவ்வளவு பரந்த இடத்தில் இப்புலம் வாயுவின் ஓட்டத்தையே எதிர்த்து நிற்க வல்லது. கணனி 2011இற் காட்டிய செறிந்த காந்தநிலையே மெசியர் 87க்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது.

2023 செப்டெம்பரில், 2000 முதல் 2022 வரை எடுக்கப்பட்ட அவதானங்களை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழுவினர், மெசியர் 87இன் தாரை ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 10 பாகையளவு, தலையசைத்துத் திரும்புவதாக அறிவித்தனர். ஓய்வதற்கு முன் பம்பரம் தலையசைப்பதை நாம் கண்டிருக்கிறோம். இங்கே காரணம் வேறு. வாயுத்தட்டு கருந்துளையின் சுழலச்சுக்குச் சிறிது சாய்வாக உள்ளது. சுழலும் கருந்துளை தன்னைச் சூழ்ந்த வெளியை இழுத்துச் சுழற்ற, சாய்ந்த தட்டும் அதனோடு கூடிய தாரையும் மெல்லத் திசைமாறுகின்றன. 1918இல் லென்சேயும் தீரிங்கும் வியன்னாவிற் கணித்த விளைவு இதுவே. அவ்விளைவு தோன்றிய இடமோ, அதே 1918இல் கேட்டிஸ் கலிபோர்ணியாவிலிருந்து குறித்த அந்த விந்தையான நேர்கதிர். ஒன்றையொன்று அறியாது ஒரே ஆண்டில் எழுதப்பட்ட இரு குறிப்புகள் 105 ஆண்டுகளின் பின்னர் ஒரே பொருளைப் பற்றியனவாயின.

இன்று நம் கையில் இருப்பதைத் தொகுத்து நோக்குவோம். மெசியர் 87இன் கருந்துளை சுழல்கின்றது என்பதற்குத் தாரையின் வலு, தாரையடியின் குறுக்கம், தாரையின் தலையசைப்பு ஆகிய மூன்று சாட்சிகள் ஒருமித்துக் கூறுகின்றன. ஆனால் அச்சுழற்சியை ஒரே எண்ணாக வரையறுக்கும்போது சாட்சிகள் அவ்வளவு ஒருமிப்பதில்லை. தாரையின் வலுவே, அளக்கும் முறையைப் பொறுத்து, ஆயிரம் மடங்கு வரை வேறுபடுகின்றது. காந்தப்புலத்தின் அளவும் 1 முதல் 30 வரை நீள்கின்றது. வேறு அண்டங்களில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, கருந்துளைக்கு அருகிற் சுழலும் இரும்பு அணுக்களின் ஒளியை ஆராய்ந்து சுழற்சியை அளக்கும் முறையும் உண்டு. 1995இல் யப்பானின் அஸ்கா செயற்கைக்கோள் அதற்கு வழிதிறந்தது. ஆயினும் அம்முறை பெரும்பாலும் ஒளி மிகுந்த தட்டுகளுக்கே ஏற்றது. மெசியர் 87 போன்று தாரை மிகுந்து தட்டு மங்கியவற்றுக்குத் தாரையே பேசவேண்டியுள்ளது.

ஓர் எண்ணைப் பெறுவது எளிது. அவ்வெண்ணில் எவ்வளவு அளந்து பெற்றது, எவ்வளவு எடுகோளாக வைத்தது என்று பிரித்துச் சொல்வதே அரிது. மக்னமாராவின் குழுவினர் இரு விடைகளையும் வெளிப்படையாக எழுதினர். 2019இல் படத்தை வெளியிட்டவர்களும் தம் படத்தினால் சுழற்சியைக் கூற இயலவில்லை என்பதை மறைக்கவில்லை. அத்தகைய நேர்மையினாலேயே அடுத்து அளக்கவேண்டியது எது என்பது ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிந்தது. வலுவுக்குப் பின் திணிவு, திணிவுக்குப் பின் காந்தம் என்று ஐயங்கள் வரிசையாகச் சுருங்கி வந்தன.

650 கோடிச் சூரியன்களை ஒத்த அந்தக் கருந்துளை, வாயுவை ஒரே ஒழுக்காக உண்டு வளர்ந்ததா, வேறு அண்டங்களின் கருந்துளைகளோடு மோதி ஒன்றாகி வளர்ந்ததா என்பதை அறிய வேறு ஏடு இல்லை. அதன் சுழற்சியே ஏடு. தாரையே அதன் எழுத்து. 1918இல் அவ்வெழுத்தை முதன்முதலிற் கண்டவர் அதற்குப் பொருள் கூற முயலவில்லை. கண்டதைக் கண்டவாறே ஒரு பட்டியலிற் குறித்து வைத்தார். பின்வந்தோர் வாசிப்பதற்கு அக்குறிப்புப் போதுமானதாயிற்று.